பழைய எண், புதிய எண்: ஒரு சொல் தரவுத்தளம் வீடு மாறிய கதை

படங்களை அடையாளம் காணக் கணினிக்குப் பழக்கும் வேலையில் இருப்பவர்கள் இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பின் கோப்புறைகளைப் பார்த்திருப்பார்கள். நாய்ப் படங்கள் இருக்கும் கோப்புறைக்கு நாய் என்று பெயர் இருக்காது. ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் அதையொட்டி 02084071 என்ற எண்ணும் இருக்கும். ஏதோ பதிவு எண் போல என்று பலர் கடந்துபோய்விடுகிறார்கள். அது பதிவு எண் அல்ல, முகவரி. வேர்டுநெட் என்ற ஆங்கிலச் சொல் தரவுத்தளத்தின், 2006இல் வெளிவந்த 3.0 பதிப்பில் பெயர்ச்சொற்களுக்கான கோப்பைத் திறந்து, தொடக்கத்திலிருந்து 20,84,071 பைட்டுகளைத் தாண்டிப் படித்தால் அந்த இடத்தில் நாய் நிற்கும்.

2011இல் வந்த 3.1 பதிப்பில் அதே நாய் 02086723இல் நிற்கிறது. நாய்க்கு எதுவும் ஆகிவிடவில்லை. அதற்கு முன்னால் இருந்த வரிகளில் சில சொற்கள் சேர்ந்தன, சில விளக்கங்கள் திருத்தப்பட்டன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் 2,652 பைட் கூடியது. அவ்வளவுதான்.

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. ‘பழைய எண் 14, புதிய எண் 32’ என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதியவர் வீட்டுக் கடிதம் அடுத்த தெருமுனை வரை போய்த் திரும்பும். அந்த வீட்டுக்காரரின் பெயர் மாறியிருக்காது. எண்ணையே பெயராக நினைத்துக் குறித்து வைத்தவர்களுக்குத்தான் சிக்கல். வேர்டுநெட்டில் நடந்ததும் இதுதான். அதைச் சரிசெய்யத் தரவுத்தளத்தை மட்டும் மாற்றினால் போதவில்லை. அதைக் கேட்டு எடுத்துத் தரும் நிரல் தொகுப்பான லைப்ரரியையும் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் வேர்டுநெட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1980களின் நடுவில் தொடங்கிய வேலை இது. பிறகு கிறிஸ்டியான் ஃபெல்பாம் அதை முன்னெடுத்தார். சாதாரண அகராதி சொல்லில் தொடங்கிப் பொருளுக்குப் போகும். வேர்டுநெட் பொருளில் தொடங்குகிறது. ஒரே பொருளைத் தரும் சொற்களை ஒரு கூட்டமாகக் கட்டி அதற்குச் சின்செட் என்று பெயர் வைத்தது. அப்புறம் சின்செட்டுகளுக்கு இடையே உறவுகள்: நாய் ஒரு விலங்கு, வால் நாயின் ஒரு பகுதி, இந்த மாதிரி. 3.0 பதிப்பில் 1,17,659 சின்செட்டுகள். அதில் பெயர்ச்சொல் மட்டும் 82,115.

நிகண்டு படித்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த அமைப்பாகத் தெரியும். சேந்தன் திவாகரத்தில் 12 தொகுதிகள். முதல் பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று வகை பிரித்து ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் சொல்பவை. பதினோராவது தொகுதி தலைகீழ்: ஒரு சொல், பல பொருள். வேர்டுநெட்டின் ஆசிரியர்களும் விலங்கு, தாவரம், உணவு என்று 45 தனித்தனிக் கோப்புகளில்தான் எழுதினார்கள். பதினோராவது தொகுதியின் வேலையை அங்கே அகரவரிசைக் கோப்புகள் செய்தன. நிகண்டின் தேடல் லைப்ரரி மாணவனின் மனப்பாடம். சூத்திரம் நினைவுக்கு வந்தால் சொல் கிடைக்கும், வராவிட்டால் இல்லை. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் நிகண்டுச் சரக்கை அகர வரிசைக்குக் கொண்டுவந்து பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு வாசல்கள் வைத்தாரே, அதுவும் ஒரு சொல் தரவுத்தளத்தின் மறுசீரமைப்புதான். உள்ளே இருந்ததைவிட உள்ளே போகும் வழிதான் அதிகம் மாறியது.

சரி, கோப்புக்குள் போவோம்.

ஆசிரியர்கள் எழுதிய 45 கோப்புகளும் மனிதர் படிக்கத் தக்கவை. அவற்றைக் ‘கிரைண்ட்’ என்ற ஒரு நிரல் அரைத்தது. பெயர்ப் பொருத்தம் அபாரம். உள்ளே போன உளுந்தும் அரிசியும் வெளியே வரும்போது பிரித்தறிய முடியாத மாவு. வெளியே வந்தவை பெயர்ச்சொல், வினை, பெயரடை, வினையடை ஒவ்வொன்றுக்கும் ஒரு தரவுக் கோப்பும் ஓர் அகரவரிசைக் கோப்பும். தரவுக் கோப்பில் ஒரு வரி ஒரு சின்செட். வரியின் முதலில் அந்த வரியே கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற எட்டு இலக்க எண். பிறகு சொற்கள், பிறகு மற்ற சின்செட்டுகளுக்கான சுட்டிகள், ஒரு நெடுங்கோடு, கடைசியில் விளக்கம். சுட்டி ஒவ்வொன்றிலும் போக வேண்டிய வரியின் பைட் எண் இருக்கும். மேல்வகைக்கு @ குறி, எதிர்ச்சொல்லுக்கு ஆச்சரியக்குறி.

அந்தக் காலத்துக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. பெயர்ச்சொல் கோப்பு மட்டும் சுமார் 15 எம்பி. 1990களின் தொடக்கத்தில் ஒரு வீட்டுக் கணினியின் மொத்த நினைவகமே அதைவிடக் குறைவு. முழுக் கோப்பையும் ஏற்றிவைத்துத் தேட வழியில்லை. ஆகவே அகரவரிசைக் கோப்பில் நடுவில் திற, சொல் முன்னாலா பின்னாலா என்று பார், பாதியைத் தள்ளு, மீதியில் மறுபடி நடுவில் திற. 1,17,798 பெயர்ச்சொற்களில் ஒன்றை இப்படிப் பிடிக்க சுமார் 17 முறை திறந்தால் போதும். அங்கே கிடைக்கும் பைட் எண்ணை வைத்துத் தரவுக் கோப்பில் நேராக ஒரே தாவல். தரவுத்தள மென்பொருள் எதுவும் வேண்டாம்.

சின்னச் சின்னத் தந்திரங்களும் உண்டு. கோப்பின் தலையில் உரிமக் குறிப்பு இருக்கிறது. அது சொல் தேடலைக் குழப்பிவிடக்கூடாது அல்லவா? அதற்காக அதன் ஒவ்வொரு வரியும் இரண்டு இடைவெளியோடு தொடங்கும். இடைவெளிக்குரிய குறி எல்லா எழுத்துக்கும் முன்னால் வருவதால் அகர வரிசை கெடாது. பைட் எண்ணுக்கு எப்போதும் எட்டு இலக்கம் என்று வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. எண்ணின் நீளம் மாறாது என்பதால், சுட்டிகளில் எழுத வேண்டிய எண் தெரிவதற்கு முன்பே ஒவ்வொரு வரியின் நீளமும் தெரிந்துவிடும். நீளம் தெரிந்தால் எண்ணைக் கணக்கிடலாம். கோழியா முட்டையா என்ற சிக்கலை எட்டுப் பூஜ்யங்களை வைத்து அவிழ்த்திருக்கிறார்கள்.

நான் இந்தக் கோப்புகளை முதலில் பார்த்தபோது சிரித்தது ஒரே இடத்தில்தான். பிரின்ஸ்டன் தந்த சி மொழி லைப்ரரியில் சின்செட்டைக் குறிக்கும் அமைப்பில் முதல் உறுப்பின் பெயர் ‘ஹியர்-ஐ-ஆம்’. நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். உள்ளே இருப்பது அந்தப் பைட் எண். நிரலர் எவ்வளவு நேர்மையானவர் பாருங்கள். இது அடையாள எண் என்று எங்கேயும் சொல்லவில்லை, நின்ற இடம் என்றுதான் சொன்னார். வெளியில் இருந்து பயன்படுத்தியவர்கள்தான் அதை ‘நான் இன்னார்’ என்று படித்துக்கொண்டார்கள்.

அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. லைப்ரரியே அந்த எண்ணைக் கேட்டது. ஒரு சின்செட்டைப் படிக்க வேண்டுமானால் சொல்வகையையும் பைட் எண்ணையும் கொடுக்க வேண்டும் என்று செயற்கூறை அமைத்திருந்தார்கள். உள்ளே ஒளிந்திருக்க வேண்டிய எண் வாசலில் வந்து நின்றது. வாசலில் நிற்பதைத்தானே மக்கள் குறித்துக்கொள்வார்கள்? ஆய்வுக் கட்டுரைகளில் எழுதினார்கள், தங்கள் மொழி வேர்டுநெட்டுகளை அதோடு முடிச்சுப் போட்டார்கள். 2009இல் வந்த இமேஜ்நெட் கோப்புறைப் பெயராகவே வைத்தது.

எண் வேண்டாம், சொல்லையே பெயராக வைக்கலாமே என்று தோன்றலாம். இமேஜ்நெட் போட்டியின் 1,000 வகைகளில் ‘கிரேன்’ என்று இரண்டு உண்டு. ஒன்று கொக்கு இனப் பறவை, இன்னொன்று பாரம் தூக்கும் இயந்திரம். எண்களைத் தூக்கிவிட்டுச் சொற்களை மட்டும் பட்டியலில் வைத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆக, ஓர் அடையாளம் தேவைதான். அது கோப்பின் நீளத்தைப் பொறுத்து ஆடக்கூடாது என்பதுதான் கோரிக்கை.

வேர்டுநெட்டுக்குள்ளேயே இதைவிட நிலையான ஒன்று இருந்தது. சொற்பொருள் சாவி என்று சொல்லலாம். சொல், சொல்வகையின் எண், எந்த ஆசிரியர் கோப்பு, அந்தக் கோப்பில் அந்தச் சொல்லின் எத்தனையாவது பொருள் என்பதையெல்லாம் கோத்துக் கட்டிய சரம். நாய்க்கு 1:05:00, 1 என்றால் பெயர்ச்சொல், 05 விலங்குக் கோப்பு. விளக்கத்தில் எழுத்துப்பிழை திருத்தினால் இது அசையாது. பொருள் குறியிட்ட ஆங்கில உரைத்தொகுப்பான செம்கோர் இந்த வகைச் சாவியைத்தான் நம்பியது. ஆனால் இதிலும் ஓர் இழுக்கு உண்டு. ஒரு சொல்லை விலங்கிலிருந்து உணவுக்கு மாற்றினால் சாவி மாறிவிடும். வீட்டு எண்ணை விட்டு வார்டு எண்ணுக்கு வந்த கதை. ஒரே கோப்பில் ஒரு சொல்லுக்கு 16 பொருள்களுக்கு மேல் இடமும் கிடையாது. தரவு வரியில் அதற்கு ஒதுக்கியது பதினாறடிமான எண்ணில் ஒரே ஓர் இலக்கம்.

அடுத்து வந்தது பைத்தான் நிரல்மொழியின் காலம். மொழி ஆய்வுக்கான என்எல்டிகே லைப்ரரி பைட் எண்ணைப் பின்னால் தள்ளிவிட்டு ‘டாக்.என்.01’ என்ற மாதிரிப் பெயரைத் தந்தது. சொல், சொல்வகை, எத்தனையாவது பொருள். படிக்க இனிமையாக இருக்கும். பாடம் நடத்தவும் வசதி. ஆனால் பொருள்களின் வரிசை, அவை எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்ற எண்ணிக்கையைப் பொறுத்தது. ‘டாக்’ என்ற சொல்லுக்குப் பெயர்ச்சொல்லாக மட்டும் ஏழு பொருள். வீட்டு நாயில் தொடங்கிக் கயவன், ஹாட் டாக் எல்லாம் வந்து, கணப்பு அடுப்பில் விறகைத் தாங்கும் இரும்பில் முடிகிறது. நடுவில் ஒன்று நுழைந்தாலோ விலகினாலோ பின்னால் இருப்பவை நகரும். முகவரிக்குப் பதில் க்யூ வரிசை எண். மேலும் 2014இல் வந்த என்எல்டிகே 3.0, சின்செட்டின் பெயரைக் கேட்கும் இடத்தில் பின்னால் ஒரு ஜோடி அடைப்புக்குறி வேண்டும் என்று மாற்றியது. வடிவமைப்பு என்று பார்த்தால் நியாயமான மாற்றம். ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட பாட நூல் உதாரணங்களும் வலையில் கிடந்த துண்டு நிரல்களும் ஒரே நாளில் பிழை காட்டத் தொடங்கின. தரவு ஓர் எழுத்துகூட மாறவில்லை. லைப்ரரி மாறினாலே கீழே இருப்பவர்களுக்கு வீடு மாறியது போலத்தான்.

இதற்கிடையே 3.1க்குப் பிறகு பிரின்ஸ்டனிலிருந்து புதிய பதிப்பு வரவில்லை. மொழி நிற்குமா? உரிமம் தாராளமானது என்பதால் அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்ரே முன்னின்று 3.1இலிருந்து ஒரு கிளையைப் பிரித்தார். 2019இல் முதல் வெளியீடு. இப்போது ஓப்பன் இங்லிஷ் வேர்டுநெட் என்று பெயர். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யார் வேண்டுமானாலும் தவறைச் சுட்டிக்காட்டலாம், திருத்தம் அனுப்பலாம்.

பலர் சேர்ந்து திருத்தும் இடத்தில் பைட் எண் ஒரு நாள்கூடத் தாங்காது. ஒருவர் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை வரியின் எண்ணும் மாற, யார் எதைத் திருத்தினார் என்றே தெரியாமல் போகும். ஆகவே மாவைத் தூர வைத்துவிட்டு மறுபடி அரிசிக்கும் உளுந்துக்கும் போனார்கள். மூலத்தை யாமல் என்ற எளிய உரை வடிவத்தில் வைத்தார்கள். சின்செட்டுகள் விலங்கு, தாவரம், உணவு என்று பழைய பொருள்வகைக் கோப்புகளில். சொற்கள் முதல் எழுத்தின்படி தனிக் கோப்புகளில். பொருளுக்கு ஒரு தொகுதி, சொல்லுக்கு ஓர் அகரவரிசை. திவாகரமும் சதுரகராதியும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருப்பது போல.

எண்ணை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எல்லாவற்றுக்கும் புதிதாக எண் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. 3.1இன் பைட் எண்ணையே வைத்துக்கொண்டார்கள். நாய் அங்கே இன்னும் 02086723தான், முன்னால் வெளியீட்டின் சுருக்கப் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். ஆனால் அந்த எண் இப்போது எந்த இடத்தையும் காட்டாது. மணிக்கூண்டு இடிந்த பிறகும் ‘மணிக்கூண்டு ஸ்டாப்பிங்’ என்று பேருந்து நிறுத்தத்தைச் சொல்வோமே, அப்படி முகவரி பெயராகிப்போனது. பழைய ஆட்களுக்கு மாற்றுப் பட்டியல் தேவையில்லை, புதிய ஆட்களுக்கு எண் ஆடாது. இரண்டு பக்கமும் சண்டை இல்லாமல் முடிந்த சில மறுசீரமைப்புகளில் இது ஒன்று.

வெளியே பரிமாறுவதற்கு எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு உரை முறை சார்ந்த ஒரு பொது வடிவத்தை உலக வேர்டுநெட் சங்கம் வகுத்தது. அதில் சொற்பதிவு, பொருள், சின்செட் மூன்றுக்கும் தனித்தனி அடையாளம். பழைய கோப்பில் சொல் என்பது சின்செட் வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துக்கூட்டம் மட்டுமே. ஒரு சொல்லின் உச்சரிப்பையோ வேறு எழுத்து வடிவத்தையோ எழுதி வைக்க அதற்கென ஓர் இடம் இல்லை. சொல்லுக்குத் தனி வீடு கிடைத்ததும் அதெல்லாம் போய் உட்கார இடம் கிடைத்தது.

இனி மற்ற மொழிகள். 1996இல் தொடங்கிய யூரோவேர்டுநெட் திட்டம் ஐரோப்பிய மொழிகளை வேர்டுநெட் 1.5 வழியாக ஒன்றோடொன்று கட்டியது. வேறு சிலர் 3.0இல் கட்டினார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் வேறு பைட் எண் என்பதால், பதிப்பிலிருந்து பதிப்புக்கு மாற்றுப் பட்டியல் தயாரிப்பதே தனி ஆய்வுத் துறையாயிற்று. இதற்கு முடிவு கட்ட 2016இல் முன்வைக்கப்பட்டதுதான் கூட்டு மொழியிடைக் குறியீடு, அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ‘சிலி’. 3.0இன் சின்செட்டுகளை விதையாக வைத்து ஒவ்வொரு கருத்துக்கும் அர்த்தம் எதுவும் இல்லாத ஒரு தொடர் எண். கொடுத்த எண்ணை அழிப்பதில்லை. தவறு என்றால் ‘இதற்குப் பதில் அதைப் பார்’ என்று குறித்து வைப்பார்கள். புதுக் கருத்துக்கு எண் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் எழுதித் தர வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. முதல் உலக வேர்டுநெட் மாநாடு 2002 ஜனவரியில் மைசூரில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் நடந்தது. மும்பை ஐஐடியின் இந்தி வேர்டுநெட்டை அச்சாக வைத்துத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வளர்ந்தது இந்தோவேர்டுநெட். அதில் ஒரே கருத்துக்கு எல்லா மொழியிலும் ஒரே எண். அந்த எண் கோப்பில் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் தொடக்கத்திலேயே சரியாக யோசித்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தை அச்சாக வைத்தால் தமிழுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். என்எல்டிகேயில் பிற மொழிகள் 3.0இன் சின்செட்டுகளில் தங்கள் சொற்களைத் தொங்கவிடுகின்றன. தனக்கென்று ஒரு சின்செட் அமைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரையும் ‘அங்கிள்’ சின்செட்டில் போட வேண்டும். ஒரே சின்செட்டில் இருந்தால் இணைச்சொல். சித்தப்பாவுக்கு இணைச்சொல் கேட்டால் மாமா என்று பதில் வரும். கல்யாண வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். புதிய பொது வடிவத்தில் ஒரு மொழி தன் சின்செட்டைத் தானே அமைத்து, மொழியிடை எண் இல்லாமல் விடலாம், அல்லது புது எண்ணுக்கு விண்ணப்பம் என்று குறிக்கலாம். சித்தப்பாவுக்கு அங்கிளின் கீழ் ஒரு தனி இடம் கிடைக்கும்.

இந்த மாற்றங்களைப் பயன்படுத்த லைப்ரரியும் புதிதாக வேண்டும். மைக்கேல் குட்மன் எழுதிய, ‘டபிள்யூஎன்’ என்ற பெயருள்ள பைத்தான் லைப்ரரி அப்படி வந்தது. 2021 உலக வேர்டுநெட் மாநாட்டில் குட்மனும் ஃபிரான்சிஸ் பாண்டும் அதை முன்வைத்தார்கள். எக்ஸ்எம்எல் கோப்பை ஒரு முறை வாங்கி எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஏற்றிவிடும். உள்ளே வரிசை எண்கள் உண்டு, ஆனால் அவை வாசலுக்கு வருவதில்லை. ஹியர்-ஐ-ஆம் தவறு திரும்ப நடக்காது. எந்த வேர்டுநெட், எந்தப் பதிப்பு என்று பெயரோடு சொல்லிக் கேட்கலாம். இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உறவு வலை இன்னும் தயாராகாத மொழி, மொழியிடை எண் வழியாக இன்னொரு வேர்டுநெட்டின் உறவுகளைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். முதல் முறை ஏற்றும்போது கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். பழைய கோப்பில் அந்தக் காத்திருப்பு கிடையாது, திறந்த நொடியில் தேடலாம். அந்த வேகத்தை இழந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

தமிழருக்கு முக்கியமான இன்னொரு பிரிப்பும் இதில் நடந்தது. பழைய லைப்ரரியில் ‘மார்ஃபி’ என்ற பகுதி கேட்ட சொல்லின் விகுதியை உரித்து மூலச்சொல்லைத் தேடும். சில வெட்டு விதிகள், அவற்றுக்கு அடங்காத சொற்களுக்கு விதிவிலக்குப் பட்டியல். ஆங்கிலத்துக்கு ஏறக்குறையப் போதும். ‘மரத்திலிருந்து’ என்று கேட்டால் அதனால் என்ன செய்ய முடியும்? கடைசி எழுத்தை வெட்டினால் மரம் கிடைக்காது. இடையில் அத்துச் சாரியை உட்கார்ந்திருக்கிறது. புதிய லைப்ரரியில் இந்த வேலை கழற்றி மாட்டக்கூடிய தனிப் பகுதி. கேட்காமல் எதையும் உரிக்காது. தமிழுக்கு நாமே ஒன்று எழுதி மாட்டலாம். பைட் கணக்கின் தலைவலியும் இல்லை. மரம் என்பது யூனிக்கோடில் நான்கு குறிகள், கோப்பில் 12 பைட்டுகள். குறியை எண்ணுவதா பைட்டை எண்ணுவதா என்று நிரலர் ஒரு நிமிடம் தடுமாறினால், பைட் எண் வழி தேடல் சொல்லின் நடுவில் போய் இறங்கும். விண்டோஸில் கோப்பைச் சேமிக்கும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பைட் கூடி, எல்லா எண்ணும் ஒரே அடியாகப் பிசகுவதும் பழைய முறையில் நடக்கக்கூடியதே.

இத்தனைக்குப் பிறகும் ஓப்பன் இங்லிஷ் வேர்டுநெட் பிரின்ஸ்டனின் பழைய வடிவக் கோப்புகளையும் வெளியிடுகிறது. பழைய சி லைப்ரரியை நம்பி ஓடும் நிரல்கள் இன்னும் நிறைய. அந்தக் கோப்பைத் தயாரிக்கும்போது எல்லா வரியின் இடமும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. யாமல் மூலத்தில் 02086723 என்ற பெயரோடு அசையாமல் இருக்கும் அதே நாய், பழைய வடிவக் கோப்பில் ஒவ்வொரு வெளியீட்டிலும் வேறொரு பைட்டில் போய் நிற்கும். ஹியர்-ஐ-ஆம் அந்தந்த இடத்தைச் சரியாகச் சொல்லும். இமேஜ்நெட் கோப்புறைகளில் மட்டும் அதன் பெயர் 02084071 என்றே எழுதியிருக்கும்.